ரவுண்டானாவின் நடுக்கோடு

அவளை எல்லோரும் எதிர்சுத்து என்றுதான் கூப்பிடுவார்கள். ரவுண்டானாவை வண்டிகள் எந்தத் திசையில் சுற்றுகின்றனவோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் பெருக்கிக்கொண்டு போவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் மற்றவர்களைப் போல வண்டி போகிற திசையிலேயேதான் பெருக்கினாள். ஒரு நாள் விடிகாலையில் பால் வண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து அவளுடைய தள்ளுவண்டியைச் சாய்த்துவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டது. அள்ளிய குப்பையெல்லாம் மறுபடி தெருவுக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்குத் திரும்பி நின்றவள்தான்.

"என்னை இடிக்கறவன் என் மூஞ்சியப் பாத்துட்டு இடிக்கட்டும்" என்றாள்.

அப்படிப் பெருக்க விதியில் இடமில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிப் பார்த்தார். எந்தத் திசையில் பெருக்க வேண்டும் என்று விதியில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றாள். தேடிப் பார்த்தார்கள். எங்கேயும் போட்டிருக்கவில்லை. விதிக்குப் பதிலாக அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை அவள் சம்பாதித்த சொத்துபோல வைத்துக்கொண்டாள்.

அவளுடைய சுபாவமே அப்படி. அதற்கு முன்னால் பிஸ்கெட் பெட்டிகள் அடுக்கும் கம்பெனியில் இருந்தாள். அங்கே பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும். உட்கார ஏதாவது போடச் சொல்லி வாயால் கேட்டாள். பிறகு வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தாள். அன்று மாலையே முக்காலியும் அவளும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அந்த முக்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது. அவளுடைய நாத்தனார் அதில் உட்கார்ந்துதான் தையல் மிஷினை மிதிக்கிறாள்.

கணவர் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். பகலெல்லாம் தூங்குவார், விழித்திருக்கும் நேரத்திலும் அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

பெருக்குவது அவளுக்குப் பிடிக்காத வேலை இல்லை. பிடிக்காதது குப்பை லாரியின் ஹாரன். காலையில் லாரி வந்து மூலையில் நிற்கும். டிரைவர் இறங்க மாட்டார், கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கவும் மாட்டார். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்வார். பெருக்குகிற பெண்கள் தள்ளுவண்டியோடு ஓட வேண்டும். ஒரு நாள் ஓடிப்போய் மூச்சு வாங்க நின்றபோது, அவள் அந்த உயரமான இருக்கையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. கனரக லைசென்ஸ் இருக்கும் துப்புரவுப் பணியாளர்களை டிரைவர்களாக எடுத்துக்கொள்ளலாம் என்று துறையில் ஒரு உத்தரவு வெகுநாளாகவே இருந்தது. பெண்கள் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

டிரைவிங் ஸ்கூலில் பழகுவதற்கு இருந்தது ஒரே ஒரு கிழட்டு லாரி. அதில் அவளுக்குக் கிடைத்தது காலை பத்து மணி முறை. மாஸ்டர் நேரத்தில் கறாரான மனிதர். பத்துக்கு ஆள் இல்லையென்றால் அடுத்தவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ரவுண்டானாவைப் பெருக்கி முடித்து, முகம் கழுவி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மைதானத்துக்குப் போய்ச் சேர அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. கிளட்ச் வசப்பட்டது, பின்னால் எடுப்பதும் வசப்பட்டது. மாதக் கடைசியில் டெஸ்ட்.

அந்த நேரம் பார்த்துத்தான் அளவு எடுக்க வந்தார்கள்.

பக்கத்துச் சந்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் பெருக்கும் பரப்பை அளந்து, எல்லோருக்கும் சமமாக இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர மீட்டர் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சூப்பர்வைசர் அளவுச் சக்கரத்தோடு வந்தார். நீளமான கைப்பிடியின் நுனியில் ஒரு சக்கரம். உருட்டிக்கொண்டு நடந்தால், மேலே ஒரு சின்ன மீட்டரில் எண் ஏறும். முடிந்ததும் அந்த மீட்டரைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எழுந்தவர், அதிலிருந்து ரோடு என்றாலே உள்ளுக்குள் உதறல். ரவுண்டானாவின் நடுவில் கம்பி வேலி போட்ட ஒரு வட்டத் தோட்டம், அதற்குள் தண்ணீர் வராத ஒரு நீரூற்று. அவர் ஒரு கையால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைத் தோட்டத்தின் ஓரக்கல்லை ஒட்டி உருட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நூற்று முப்பத்திரண்டு மீட்டர். சாலையின் அகலத்துக்கு, வண்டி இல்லாத ஒரு நொடியில் குறுக்கே ஓடினார். பதினான்கு மீட்டர். நீளத்தை அகலத்தால் பெருக்கினார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.

"அறுநூத்து அம்பது கொறையுதும்மா. அந்தச் சந்து கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அதையும் நீயே பாத்துக்க" என்றார்.

சந்து கடைகளுக்குப் பின்பக்கம் போகிறது. எல்லாக் கடைகளின் கழிவும் அங்கேதான். அதைச் சேர்த்துப் பெருக்கினால் பத்து மணிக்கு அவள் இன்னும் சந்தின் பாதியில்தான் நிற்பாள். நின்றாள். முதல் நாள் தாமதமாகப் போனபோது மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த நாள் லாரி போயிருந்தது. அதற்கடுத்த நாள், இனி ஒரு தடவை தாமதமானால் பெயரை அடுத்த அணிக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த அணிக்கு டெஸ்ட் எப்போது என்று அவருக்கே தெரியாது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து தட்டை டங்கென்று வைத்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவர் புரண்டு படுத்தார். சமையலறை மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்து, இன்றைக்கு யாரோடு சண்டை என்று கேட்டாள். அவள் கொட்டித் தீர்த்தாள். அந்த வட்டம் அவ்வளவு சின்னதில்லை என்று தினமும் தன் உடம்பே சொல்கிறது என்றாள். ஆமாம் அண்ணி என்று நாத்தனார் ஒத்துக்கொள்வாள் என எதிர்பார்த்தாள். நாத்தனார் வேறொன்று கேட்டாள்.

"அண்ணி, அம்ப்ரெல்லா பாவாடைக்கு இடுப்பு அளவ மட்டும் வெச்சா துணி எடுப்பாங்க?"

"பாவாடைக்கும் இதுக்கும் என்னடி?"

"உங்க ரவுண்டானாவ அப்படியே தூக்கி இடுப்புல கட்டிப் பாருங்க. தோட்டத்து ஓரம் இடுப்பு. கடை ஓரம் கீழ் விளிம்பு. உங்க சார் இடுப்ப அளந்துட்டு முழுப் பாவாடைக்கும் துணி இதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

எதிர்சுத்து மேசையில் சாய்ந்து நின்றாள். நாத்தனார் வெட்டிக்கொண்டிருந்ததும் ஒரு பாவாடைதான், ஆனால் பல துண்டுகளாகச் சேர்த்துத் தைக்கிற வகை. ஒவ்வொரு துண்டும் மேலே குறுகல், கீழே அகலம். கலி என்பார்கள். அத்தனை கலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் வட்டம் வந்துவிடும். ஆனால் துணியிலிருந்து வெட்டும்போது அவள் அப்படி வைக்கவில்லை. ஒன்றை நேராக வைத்தாள், அடுத்ததைத் தலைகீழாக, அதற்கடுத்ததை நேராக. ஒன்றின் குறுகல் அடுத்ததன் அகலத்தோடு பொருந்தி, நீள நெடுகத் துணி நேராகப் போனது. வீண் துணி விழாமல் இருக்கத் தையல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"பாருங்க, வட்டம் நேராயிடுச்சு" என்றாள் நாத்தனார். "இந்த நீளம் இடுப்பும் இல்ல, விளிம்பும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. பாதி கலி அந்தப் பக்கம், பாதி கலி இந்தப் பக்கம் இருக்கில்ல."

வட்டச் சாலையின் நட்டநடுவில் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் சரியான பரப்பு. அவ்வளவுதான் விஷயம். உள் ஓரம் நூற்று முப்பத்திரண்டு என்றால் நடுக்கோடு எவ்வளவு என்று நாத்தனார் போனில் தட்டிப் பார்த்தாள். நூற்று எழுபத்தாறு வந்தது. பதினான்கால் பெருக்கினாள். இரண்டாயிரத்து நானூற்று அறுபத்து நாலு. நம்பிக்கை வராமல், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வழியிலும் போட்டாள். வெளி வட்டத்தின் ஆரம் முப்பத்தைந்து, தோட்டத்தின் ஆரம் இருபத்தொன்று. பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து தோட்டத்தின் பரப்பைக் கழித்தாள். அதே இரண்டாயிரத்து நானூற்று அறுபத்து நாலு.

எதிர்சுத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்தைவிட நல்லதாக ஒன்று வந்தது.

"சரி. அவர் எழுதின அளவுக்கு மட்டும் பெருக்கறேன்" என்றாள். "ஒரு வீச்சு அதிகமும் இல்ல, கொறைச்சலும் இல்ல. நெசமான பரப்புல அவர் எழுதினது முக்கால் பங்கு. அதனால முக்கால் அகலத்தோட நிறுத்திக்கறேன்."

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்க சாரும் நீங்களும் ஒரே வகுப்புல படிச்சீங்களா? வெளிய போகப் போகப் பாவாடை விரியுதுன்னு இப்பதானே சொன்னேன். முக்கால் அகலத்துல நின்னா முக்கால் பரப்பு வராது. கொறையும்."

அவள் தப்பை ஒத்துக்கொள்ளும் ரகம் இல்லை. சரி, நீயே சொல் என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் தையல் சாக்பீஸால் மேசையிலேயே எழுதினாள். தோட்டத்தின் பரப்பு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. அதோடு சார் எழுதிய ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டைக் கூட்டினால் ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தின் ஆரம் முப்பத்திரண்டு மீட்டர் சொச்சம். அதில் இருபத்தொன்று தோட்டத்துக்குப் போய்விடுகிறது. ஓரக்கல்லிலிருந்து பதினொரு மீட்டருக்கு மேல் நாலு விரற்கடை போய் நின்றுகொள்ள வேண்டும். அவள் சொன்ன முக்கால் அகலத்தைவிட அரை மீட்டருக்கு மேல் அதிகம். அந்த அரை மீட்டரையும் பெருக்கிவிடுவதாக எதிர்சுத்து சத்தியம் செய்தாள். அவர்கள் தப்பாக அளக்கலாம், தன்னுடைய அளவு தப்பாக இருக்கக் கூடாது. நாத்தனார் கொடிக்கயிற்றை அளந்து, பதினொன்றுக்குச் சற்று மேலே ஒரு முடிச்சும் ஏழில் ஒரு முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். ஏழு எதற்கு என்று கேட்டதற்கு, நடுக்கோடு என்றைக்காவது தேவைப்படும் என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் எதிர்சுத்து கயிற்றை ஓரக்கல்லில் பிடித்து, சுற்றிலும் சாக்பீஸால் புள்ளி வைத்துவிட்டாள். தோட்டத்து ஓரத்திலிருந்து தொடங்கி, வழக்கம் போல வண்டிகளுக்கு எதிராக, சுற்றுச் சுற்றாக வெளியே வந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிட நீளம் என்பதை அவள் கால்கள் எப்போதோ கண்டுபிடித்திருந்தன. இப்போது மண்டையும் சேர்ந்துகொண்டது. சாக்பீஸ் புள்ளி வந்ததும் நின்றாள். ஒரு காய்ந்த இலை புள்ளிக்கு அந்தப் பக்கம் கிடந்தது, அதைத் தொடவில்லை. பிறகு சந்துக்குள் போய் அதை மூலைமுடுக்கெல்லாம் சுத்தமாகப் பெருக்கினாள்.

மிச்சம் நின்றது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வளையம். ஆனால் அது கடை வாசல்களை ஒட்டிய வளையம். நாளெல்லாம் சேருகிற டம்ளர்கள், பேப்பர்கள், கவர்கள் எல்லாம் ஒதுங்குகிற இடம். பளிச்சென்ற சாலையைச் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கரை. கடைகள் திறந்தன. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலைப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கடையின் வாசலைப் பார்த்தார், பிறகு வட்டம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனை எடுத்தார்.

சூப்பர்வைசர் வந்தபோது அவள் தள்ளுவண்டியின் மேல் துடைப்பத்தைக் குறுக்காக வைத்துவிட்டு, தயாராக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து மார்க்கெட் தெருவைப் பெருக்கும் அக்காவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். மார்க்கெட்டக்கா அவளைவிட மூத்தவள், சண்டை என்றால் முதல் ஆளாக வந்து, சமாதானம் பேசிவிட்டுப் போகிறவள்.

"ஏம்மா, இது என்ன கூத்து?" என்றார் சூப்பர்வைசர்.

"கூத்து இல்ல சார், கணக்கு. நீங்க எழுதின ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டு இங்க இருக்கு. சந்தும் முடிச்சாச்சு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க."

"அப்ப எங்க வாசல் எந்தக் கணக்குல வருது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எந்தக் கணக்குலயும் வரல. சார் உங்க வாசல அளக்கவே இல்ல."

சூப்பர்வைசர் சாக்பீஸ் புள்ளிகளைப் பார்த்தார். அவள் தோராயமாக நிறுத்தவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் படித்தவர்தான், புரியாமல் இல்லை. பெரிய வட்டத்தில் சின்ன வட்டத்தைக் கழிக்க வேண்டும் என்று தனக்குத் தெரியாதா என்று கேட்டார். ஆபீஸ் படிவத்தில் இருப்பது நீளம் ஒரு கட்டம், அகலம் ஒரு கட்டம். வட்டத்துக்கு நீளம் என்று எதை எழுதுவது?

"அதுக்காக உள்ள ஓரத்த எழுதிடுவீங்களா?"

"அங்கதாம்மா உசுரோட நடக்க முடியும்" என்றார் அவர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைக் கேட்டதும் எதிர்சுத்துக்குப் பால் வண்டி இடித்த நாள் ஞாபகம் வந்தது. அதற்குள் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சரி, வெளி ஓரத்த உருட்டிக்கறேன். பிளாட்பாரத்து மேலயே நடந்துடலாம். இருநூத்து இருபது வரும், மூவாயிரத்துக்கு மேல கணக்காகும். சந்தும் வேணாம், இந்த வட்டத்துலயே கொஞ்சம் கொறைச்சுத் தரேன். போதுமா?"

மார்க்கெட்டக்கா அவள் முதுகில் ஒரு இடி இடித்தாள். "குடுக்கறத வாங்கிக்கடி. வாயத் தெறக்காத."

"கொறையறது யாருக்குப் போகும் சார்?" என்று கேட்டாள் எதிர்சுத்து.

சூப்பர்வைசரின் கண் மார்க்கெட்டக்கா பக்கம் போய் வந்தது. மார்க்கெட்டக்கா முதுகை இடித்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். எனக்கு ஏத்தியும் வேணாம், எறக்கியும் வேணாம். உள்ள ஓரம் பொய்யின்னா வெளி ஓரமும் பொய்தான். நடுவுல உருட்டுங்க. நீளம்ங்கற கட்டத்துல நடுக்கோட்ட எழுதுங்க, கச்சிதமாப் பொருந்தும்."

அவர் யோசித்தார். உள்ளேயும் வெளியேயும் உருட்டி, கூட்டிப் பாதி எடுத்தால் அதே எண்தான், நடுவில் நடக்கவே வேண்டாம் என்று முதலில் சொன்னார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சக்கரத்து மீட்டரில் அந்த எண் இருக்க வேண்டும், போட்டோ போக வேண்டும். மீட்டரில் இல்லாத எண்ணை எழுதினால் மேலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் சாலையைப் பார்த்தார். அலுவலக நேரம் தொடங்கிவிட்டது. பேருந்தும் லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசாத குறையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இன்னொரு நாள், காலையில சீக்கிரமா வந்து..." என்று இழுத்தார்.

"இன்னொரு நாள் எனக்கு இல்ல சார். எனக்குப் பத்து மணிக்கு லாரி."

கயிற்றின் ஒரு முனையை மார்க்கெட்டக்காவிடம் கொடுத்து, தோட்டத்து ஓரக்கல்லை ஒட்டியே நடக்கச் சொன்னாள். ஏழாவது மீட்டர் முடிச்சைத் தன் கையில் சுற்றிக்கொண்டு சாலையின் நடுவில் போய் நின்றாள். மறு கையில் துடைப்பத்தைக் குறுக்காகத் தூக்கிப் பிடித்தாள். வண்டிகளுக்கு எதிரே முகத்தைக் காட்டி நின்றுகொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"என் பின்னாலயே வாங்க சார். எதிர்ப் பக்கமாப் போனா வர்றது கண்ணுக்குத் தெரியும். தெரியறது அவ்வளவா பயமா இருக்காது."

அவர் வந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. கயிறு விறைப்பாக நிற்க, உள் ஓரத்தில் மார்க்கெட்டக்கா, நடுவில் எதிர்சுத்து, அவள் குதிகாலை ஒட்டி அளவுச் சக்கரம். ஹாரன்கள் அலறின. முன்னால் வந்த ஆட்டோ அவள் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஏதோ திட்டிக்கொண்டே கயிற்றைச் சுற்றிப் போனார். பேருந்து ஒன்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரோட்டை அளந்து விற்கப் போகிறீர்களா என்று கேட்டார். உங்கள் பஸ்ஸையும் சேர்த்துத்தான் என்றாள் எதிர்சுத்து, நடையை நிறுத்தாமல். பின்னால் சக்கரம் டிக் டிக்கென்று ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. பாதி வட்டம் தாண்டிய பிறகு அந்தச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது. சூப்பர்வைசர் எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார், குரலில் நடுக்கம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

நூற்று எழுபத்தாறு. அவர் சாலை நடுவிலேயே நின்று மீட்டரைப் போட்டோ எடுத்தார்.

பிளாட்பாரத்துக்கு வந்து கணக்குப் போட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். இரண்டாயிரத்து நானூற்று அறுபத்து நாலுதான் வருகிறது, இன்னும் முப்பத்தாறு சதுர மீட்டர் பாக்கி இருக்கிறதே என்றார். இருக்கிறது என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். சந்தின் அகலம் ஐந்து மீட்டர், ஆகவே சந்து வாயிலிருந்து ஏழு மீட்டர், அதாவது சலூன் படி வரைக்கும் தன்னுடையது, அதற்கு அந்தப் பக்கம் ஒரு தீக்குச்சிகூட எடுக்க மாட்டேன் என்றாள்.

"அப்ப மீதிச் சந்து?"

"அங்க பெருக்கினவங்க போயிட்டாங்க இல்ல சார், அவங்க எடத்துக்கு ஒரு ஆள் போடச் சொல்லி எழுதுங்க. எங்க நாலு பேரையும் இழுத்து இழுத்து அந்த ஓட்டைய மூடாதீங்க."

மார்க்கெட்டக்கா முதல் தடவையாகச் சமாதானம் பேசாமல், ஆமாம் சார் என்றாள்.

எழுதுகிறேன் என்றார் சூப்பர்வைசர். எழுதுவார், ஆள் வருமா என்பது வேறு விஷயம். அதற்குள் மருந்துக்கடைக்காரர் பொறுமை இழந்து, அளந்தது போதும், இப்போதாவது வாசலைப் பெருக்கச் சொல்லுங்கள் என்றார். சூப்பர்வைசரும் அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு" என்றாள். "நாளையிலேர்ந்து உங்க வாசல் என் கணக்கு. இன்னைய பாகத்த நான் முடிச்சாச்சு."

வேலையைப் பாதியில் விட்டதாக அவளுக்கு எச்சரிக்கைக் குறிப்பு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் சூப்பர்வைசர். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். கொடுங்கள் என்றாள். பாதியில் இல்லை, முக்காலில் விட்டேன் என்று சரியாக எழுதுங்கள் என்றாள். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பை அடக்கியது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் எழுதினார். அவளும் கையெழுத்துப் போட்டாள், கொட்டை எழுத்தில்.

பிறகு ஓடினாள். முகம் கழுவவில்லை, ரிஃப்ளெக்டர் கோட்டைக் கழற்றவில்லை. மைதானத்து வாசலை அடையும்போது பயிற்சி லாரி உறுமிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் அடுத்த முறைக்காரர் ஒருவர், பக்கத்தில் மாஸ்டர். அவள் ஓரமாக ஒதுங்கவில்லை. வாசலின் நடுவில், வருகிற வண்டிக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். லாரி குலுங்கி நின்றது.

மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எத்தன தடவம்மா சொல்றது?"

"இன்னையோட கடைசி மாஸ்டர்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நேத்து நம்பிக்கையில சொன்னேன். இன்னைக்கு அளந்துட்டு வந்து சொல்றேன்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளுடைய தூசி படிந்த முகத்தைப் பார்த்தார், லாரிக்கும் அவளுக்கும் இருந்த ஒரு முழ இடைவெளியையும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், கொஞ்சம் இறங்கிக்கொள்ளப்பா, இந்தம்மா நகருகிற மாதிரி தெரியவில்லை என்றார்.

அன்றைக்குச் சாலைப் பயிற்சி. மாஸ்டர் காட்டிய வழி நேராக ரவுண்டானாவுக்குத்தான் போனது. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது எல்லாமே சின்னதாக, ஆனால் ஒழுங்காகத் தெரிந்தது. தோட்டம், சுத்தமான சாலை, அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. மருந்துக்கடைக்காரர் தாமே ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு, தன் வாசலை மட்டும் அளவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

முன்னால் மார்க்கெட்டக்கா தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஹாரன் அடி என்றார் மாஸ்டர். எதிர்சுத்து ஹாரனைத் தொடவில்லை. கிளட்சை மிதித்து, பிரேக்கை மெதுவாக அழுத்தி, லாரியை நிறுத்தினாள். பின்னால் வந்த வண்டிகள் கத்தின, கத்தட்டும் என்று விட்டாள். தள்ளுவண்டி அதன் வேகத்தில் போய்ச் சேரட்டும்.

லாரி நின்ற சத்தத்தில் மார்க்கெட்டக்கா திரும்பினாள். அண்ணாந்து பார்த்தாள். இருக்கையில் யார் என்று தெரிந்ததும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏய், நீ என்னடி இன்னைக்கு எல்லாரும் போற பக்கமாப் போற?"

"மேல இருந்து பாத்தா வர்றவன் மூஞ்சி எந்தப் பக்கமும் தெரியுதுக்கா" என்றாள் எதிர்சுத்து. முதல் கியரைப் போட்டு, வட்டத்தின் நடுவைப் பிடித்து லாரியைத் திருப்பினாள்.